பத்துப் பேர், ஒரு காசு

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: 1 அரசர்கள் 17:10-16; எபிரேயர் 9:24-28; மாற்கு 12:38-44)



கடந்த மாதம் மறைபரப்பு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்பவர். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேரே கோயிலுக்கு வந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஃபாதர். நான் கான்ட்ராக்ட் தொழிலாளி. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இன்னும் கட்டல. எங்க தெருவுலயே கஷ்டப்படுற குடும்பங்க இருக்கு. இதுல வெளிநாட்டு ஏழைங்களுக்கு நாம எதுக்கு ஃபாதர் காசு அனுப்பணும்?"

நான் ஏதோ பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இன்றைய வாசகங்கள் அந்தக் கேள்வியை மறுபடியும் என் முன்னே கொண்டுவந்து வைக்கின்றன.

முதல் வாசகத்தில் வரும் சாரிபாத்துக் கைம்பெண் இஸ்ரயேல் இனத்தவள் அல்ல. சீதோன் நாட்டுப் பெண். பஞ்சக் காலம். பானையில் ஒரு கைப்பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். தனக்கும் மகனுக்கும் அதுவே கடைசி உணவு என்று இருப்பவளிடம் எலியா அப்பம் கேட்கிறார். இங்கே அயல்நாட்டிலிருந்து பசியோடு வந்தவர் இறைவாக்கினர். கொடுத்தவள் அந்த ஏழைப் பெண். வெளிநாட்டுக்கு உதவி என்றாலே கொடுக்கும் இடத்தில் நம்மை வைத்துக்கொள்கிறோம். நாம் வாங்கி உண்டவர்கள் என்பது மறந்துபோகிறது.

நாம் வாங்கிய கதை ஒன்றைச் சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற நகரம் பட்டு நெசவுக்குப் பேர்போனது. அங்கே பட்டு ஆலை முதலாளி ஒருவரின் மகளாக 1799ஆம் ஆண்டு பிறந்தவர் பவுலின் ஜரிக்கோ. ஆசிய நாடுகளில் உழைத்த மறைப்பணியாளர்களின் வறுமையைக் கேள்விப்பட்டு அவர் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு. ஒவ்வொருவரும் வாரம் ஒரு காசு. அதை வசூலிக்க ஒருவர். பத்துக் குழுக்கள் சேர்ந்தால் நூறு பேர். நம் வீட்டுப் பெண்கள் சீட்டுப் பிடிப்பார்களே, ஏறக்குறைய அது போலத்தான். முதலில் கொடுத்தவர்களில் பலர் ஆலையில் வேலை பார்த்த சாதாரணப் பெண்கள். 1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அது ஒரு சபையாக உருவெடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான், 1926ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறு.

அந்தக் காசு எங்கே வந்தது? நம்மிடமும் வந்தது. புதுச்சேரியிலும் தமிழகத்தின் பல பகுதிகளிலும் உழைத்த பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்களின் பணிக்கு அந்தக் காணிக்கை கைகொடுத்தது. ஆலைத் தொழிலாளிகளான அந்தப் பெண்கள் நம் ஊரைப் பார்த்ததே இல்லை. 2004ஆம் ஆண்டு சுனாமி நம் கடற்கரைகளைத் தாக்கியபோதும் உலகெங்கும் உள்ள ஆலயங்களில் எடுத்த காணிக்கை காரித்தாஸ் வழியாக நம் மீனவக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது. வீடாக, படகாக, வலையாக வந்தது. கொடுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். போரின் காரணமாகக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் அங்கே பல்லாண்டுகளாக வாழ்கின்றன. படகில் தப்பிய வியட்நாம் மக்களின் துயரைக் கண்டு 1980இல் தந்தை பெத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடத்திவந்திருக்கிறது. அதற்கும் முன்பின் தெரியாத யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

முகாமில் வாழும் மன்னாரைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, மறைபரப்பு ஞாயிறன்று என்னிடம் ஒரு கவரை நீட்டினார். "உங்களுக்கே கஷ்டம், எதுக்கும்மா?" என்றேன். அவர் சொன்னார்: "வந்து இறங்கேக்க உடுத்த உடுப்பு மட்டும்தான் சாமி. ஆரோ எங்களுக்குத் தந்தவை. இப்ப நாங்களும் ஆருக்காவது குடுக்கத்தானே வேணும்."

அந்தச் சகோதரருக்கு நான் சொல்லத் தவறிய பதிலை இந்த அம்மா சொல்லிவிட்டார்.

2022ஆம் ஆண்டு இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது தமிழக அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மே 22ஆம் நாள் அந்தப் பொருட்கள் கொழும்பில் ஒப்படைக்கப்பட்டன. அதே மே 22ஆம் நாளில்தான் லியோன் நகரில் பவுலின் ஜரிக்கோ அருளாளராக உயர்த்தப்பட்டார். அந்த நிவாரணத்துக்கு, யாசகம் பெற்று வாழும் முதியவர் ஒருவர் தாம் சேர்த்த 10,000 ரூபாயைக் கொடுத்த செய்தியையும் நாளிதழ்களில் படித்தோம். நற்செய்தியின் கைம்பெண்ணை நாம் எருசலேம் ஆலயத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை.

ஆனால் அன்பர்களே, இன்றைய நற்செய்திக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கைம்பெண்ணின் காணிக்கையைப் பாராட்டுவதற்கு முன்பு, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். இதை நாங்கள், குருக்கள், முதலில் கேட்க வேண்டும். ஏழையின் காசைத் தொடும் கை நடுங்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுலடியார் நிதி திரட்டியபோது, பணத்தைக் குறித்து எவரும் குறை சொல்லிவிடக்கூடாது என்று தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்தே அனுப்பினார். மறைபரப்பு ஞாயிறு காணிக்கை பங்கிலே தங்குவது இல்லை. மறைமாவட்டம் வழியாகத் திருத்தந்தையின் மறைபரப்புப் பணிக் கழகங்களுக்குப் போய், உலகில் 1,100க்கும் மேற்பட்ட ஏழை மறைமாவட்டங்களுக்குப் பகிரப்படுகிறது. எவ்வளவு சேர்ந்தது, எந்த நாளில் அனுப்பினோம் என்று ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள். அது மக்களுக்கு நாம் பட்ட கடன்.

இரவு ஷிப்ட் முடித்து வந்த சகோதரரே, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இது உங்களுக்கு. உங்கள் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஆண்டவர் கேட்கவில்லை. முதலில் அதைக் கட்டுங்கள். முடியவில்லை என்றால் பங்குத்தந்தையிடமோ வின்சென்ட் தே பவுல் சபையிடமோ தயங்காமல் சொல்லுங்கள். கேட்பது அவமானம் அல்ல, எலியாவே கேட்டார்.

மற்ற நமக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பியத்தில் பத்துக் குடும்பங்கள் சேருங்கள். வீட்டுக்கு வாரம் ஐந்து ரூபாய், ஒரு தேநீரின் விலைகூட இல்லை. பாதி, உங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீட்டுக்கு. அந்த வீட்டில் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ பிழைக்க வந்தவர் இருந்தால், அவருக்கும்தான். மறுபாதி, நீங்கள் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு நாட்டின் குடும்பத்துக்கு. உள்ளூரா வெளியூரா என்ற சண்டை அந்தப் பத்து வீட்டு உண்டியலிலேயே தீர்ந்துவிடும்.

சாரிபாத்தில் பானை நிரம்பி வழியவில்லை. மாவு தீராமல் மட்டும் இருந்தது. கொடுக்கிறவர் வீட்டில் அது போதும்.

மன்றாடுவோம். ஆண்டவரே, நாங்கள் பெற்றதை மறவாத மனத்தையும், பிறர் காசை நேர்மையோடு கையாளும் கைகளையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.