மரம் தேய்க்கும் பொறியைத் தெரிவு செய்தல்



புதிதாய்ச் செய்த மேசையொன்றைக் காண வருபவர் அதன் மூட்டுகளைக் குனிந்து பார்ப்பது அரிது. அவர் முதலிற் செய்வது, உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்ப்பதே. வாளும் சீவுளியும் உளியும் எத்தனை நாள் உழைத்திருப்பினும், அவ்வுழைப்புக்குரிய மதிப்பைப் பெற்றுத் தருவது கடைசியில் நிகழும் தேய்ப்பு வேலையாகும். அவ்வேலைக்கு இன்று பட்டறைகளிலும் வீடுகளிலும் பெரிதும் விரும்பப்படும் கைப்பொறியைப் பற்றியும், அதனை எவ்வாறு தெரிவு செய்வது என்பது பற்றியும் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

கடைகளில் இதனை 'ராண்டம் ஓர்பிட்டல் சாண்டர்' என்பர். நாம் எழுமாற்றுச் சுழல் தேய்பொறி எனலாம். வட்டமான ஒரு தட்டின் அடியில் அரத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். அத்தட்டு இருவகை அசைவுகளை ஒருங்கே உடையது. பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல, தட்டும் தன் மையத்திற் சுழன்றுகொண்டே, மோட்டார் அச்சைச் சுற்றிச் சிறியதொரு வட்டத்தில் ஓடுகின்றது. இதனால் அரத்தாளின் ஒரு மணி சென்ற வழியே மீண்டும் செல்வது அரிது. கீறல்கள் ஒன்றன்மேலொன்று ஆழமாக விழாமற் சிதறுவதால், மரத்தின் இழை எத்திசையில் ஓடினும் மேற்பரப்பு ஒரே சீராக அமைகின்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சிறு வட்டத்தில் ஓடச் செய்வது மோட்டாராகும். தட்டு தன் மையத்திற் சுழல்வதோ, அதனைத் தாங்கும் உருளைகளின் உராய்வினால் மட்டுமே. ஆகவே வேலை விரைவில் முடியட்டும் என்று பொறியை அழுத்துவோமாயின், அச்சுழற்சி நின்றுவிடும். எஞ்சுவது சிறு வட்ட ஓட்டமே. அது மரத்தில் பன்றிவால் போன்ற சுருள் கீறல்களை விட்டுச் செல்லும். பொறியின் எடையுடன் கையின் எடை மட்டுமே சேரவேண்டும் என்று அனுபவசாலிகள் கூறுவதன் காரணம் இதுவே.

இனி, பொறியை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை யாவை? பலர் முதலிற் கேட்பது மோட்டாரின் வலுவை. அதனினும் முதன்மையானது சிறு வட்டத்தின் விட்டம். ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் விட்டமுடையவை மென்மையாகத் தேய்ப்பன. தளபாடங்களின் இறுதி வேலைக்கு உகந்தவை. 5 மில்லிமீற்றர் அளவினவை விரைந்து தேய்ப்பன. பழைய பூச்சை அகற்றவும் கரடான பலகையைச் சமப்படுத்தவும் ஏற்றவை. ஒரே பொறியை வாங்க வசதியுள்ளவர், தாம் பெரும்பாலும் செய்யும் வேலை எதுவென எண்ணித் துணிய வேண்டும்.

அடுத்தது தட்டின் தடை. பொறியை மரத்திலிருந்து தூக்கியவுடன், தடையற்ற தட்டு மிகுந்த வேகத்திற் சுழலத் தொடங்கும். அதே வேகத்துடன் மீண்டும் மரத்தில் வைத்தால் பள்ளம் விழும். நல்ல பொறியில் இவ்வேகத்தை அடக்கும் வளையமொன்று உண்டு. கடையிலேயே பொறியை இயக்கித் தூக்கிப் பார்த்து இதனை அறிந்துகொள்ளலாம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருத்தலும் நன்று.

தட்டின் அளவு 125 மில்லிமீற்றராயின் ஒரு கையாற் பிடித்து வேலை செய்தல் எளிது. 150 மில்லிமீற்றர்த் தட்டு அகன்ற மேசைப் பலகைகளுக்கு உதவும். ஆயின் எடை கூடியது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பொறியை மலிவாக வாங்குவோர் அதன் மின்னழுத்தத்தைப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 உவோற்று. ஜப்பானிய வீடுகளிலோ 100 உவோற்று. அந்நாட்டிற்கெனச் செய்த பொறியை நம் மின்னிணைப்பில் நேரே பொருத்தினால் மோட்டார் எரிந்துவிடும்.

நேயர்களே, இவையெல்லாவற்றினும் மேலானது தூசி பற்றிய கவனம். தேய்பொறியிலிருந்து எழும் தூள் கண்ணுக்குப் புலப்படாத நுண்மையுடையது. நெடுநேரம் காற்றில் மிதந்து நின்று மூச்சுடன் உட்செல்வது. உலக சுகாதார அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. நமது வறண்ட பிரதேசக் காடுகளில் வளரும் முதிரை மரத்தின் தூள், சிலருடைய தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்க வல்லது. மொறட்டுவை போன்ற ஊர்களிற் பலர் மரவேலையையே வாழ்வாகக் கொண்டவர்கள். இத்தகையோருக்கு இது சிறிய செய்தியன்று.

எனவே, தட்டிலே துளைகளும், அவற்றின் வழியே தூளை உறிஞ்சிப் பையிற் சேர்க்கும் அமைப்பும், தூசு உறிஞ்சியின் குழாயைப் பொருத்தும் வாயும் உடைய பொறியையே தெரிவு செய்யுங்கள். பையினும் உறிஞ்சி சிறந்தது. தாளின் துளைகள் தட்டின் துளைகளுடன் பொருந்தாவிடின் இவ்வமைப்பு முழுதும் வீணாகும். எட்டுத் துளைத் தட்டுக்கு அதற்கேற்ற தாள் உங்கள் ஊர்க் கடையிற் கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே பொறிக்குப் பணம் கொடுத்தல் நலம். உறிஞ்சி இருப்பினும் மூக்கையும் வாயையும் நன்கு மூடும் தூசுக் கவசம் அணிய வேண்டும். முகத்திற் கட்டும் கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது.

பொறி நல்லதாயினும் தாளின் வரிசை தவறக்கூடாது. எண் கூடக் கூடத் தாளின் மணி நுண்ணியதாகும். 80, 120, 180 என்று படிப்படியாகச் செல்லுதல் முறை. இடைப்படியைத் தாண்டிச் சென்றால், முதல் தாள் விட்ட கீறல்கள் மறைந்தன போலத் தோன்றி, வார்னிசு பூசிய பின்னரே பளிச்செனத் தெரியும். ஒவ்வொரு தாளையும் தொடங்குமுன் பலகை முழுதும் பென்சிலால் மெல்லக் கோடுகள் இடுங்கள். அவை யாவும் அழிந்தபின் அடுத்த தாளுக்குச் செல்லுங்கள். பொறியைச் செக்கனுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டுப்பலகையின் மேலேடு மிக மெல்லியது. அங்கே இன்னும் கூடிய பொறுமை தேவை. இறுதியாக, கடைசித் தாளையே கையில் எடுத்து, மர இழை ஓடும் வழியே சிலமுறை தேய்த்துவிடுங்கள்.

விலை கூடிய பொறி எல்லோருக்கும் வேண்டியதில்லை. தன் வேலைக்கேற்ற வட்டமும், அடங்கும் தட்டும், தூசியை அகற்றும் வழியும் உடைய எளிய பொறியே போதும். பலகையை வழவழப்பாக்கும் கருவி, அதனைப் பிடித்தவரின் மூச்சைக் கரடாக்கிவிடலாகாது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டு கடைக்குச் செல்பவர் தவறாகத் தெரிவு செய்யமாட்டார்.