முழங்காலுக்குள் நடப்பது என்ன?

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த முதியோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற மாதம் பூசை முடிந்ததும் பாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, நடுப்பூசையிலே முழந்தாள் போட முடியலே, உட்கார்ந்தே இருக்கேன். பாவமா சாமி?" என்று கண்கலங்கக் கேட்டார். "பாவமே இல்லை அம்மா" என்றோம். உடனே பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்துக் காட்டி, "மூட்டு துருப்பிடிச்சிருக்காம். இதைச் சாப்பிட்டா சரியாயிடுமாம்" என்றார். முதல் கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிட்டோம். இரண்டாவதற்கு விடை சொல்லப் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முழங்காலில் எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில், அவற்றின் முனைகளை வழுவழுப்பான ஒரு மெத்தை மூடியிருக்கிறது. அதுவே குருத்தெலும்பு. அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதில் முக்கியமான புரதங்கள் இரண்டு. ஒன்று கொலாஜன். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது; உறுதி தருவது. மற்றொன்று அக்ரிகன். நீரை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது. நாம் காலை ஊன்றும்போது நீர் பிதுங்குகிறது, எடுக்கும்போது திரும்புகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதே அதற்குப் பெரும்பாலும் உணவு.

இனி 'துரு'வுக்கு வருவோம். அணுக்களில் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில்லாத எலெக்ட்ரானைக் கொண்ட துகளை ஃபிரீ ராடிக்கல் என்கிறார்கள். தமிழில் தனி உறுப்பு எனலாம். 1900-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க் என்பவர் இத்தகைய ஒன்றை முதன்முதலில் எடுத்துக்காட்டினார். இது பக்கத்திலுள்ள மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது வேறொன்றிடம் பறிக்கும். நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை ஏறுவதும் இந்தத் தொடர் பறிப்பினால்தான்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் சிறு பகுதி நம் உடலுக்குள்ளேயே சூப்பராக்சைடு என்னும் தனி உறுப்பாகிறது. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்களும் இதை உண்டாக்குகின்றன. ஆகவே இது முழுக்கத் தீயதென்று எண்ண வேண்டாம். இதை அடக்கும் நொதியும் நம் உடலில் உண்டு. மெக்கார்டு, ஃபிரிடோவிச் என்னும் இருவர் 1969-இல் அதை வெளிப்படுத்தினர். உண்டாவது மிகுந்து அடக்குவது குறையும்போதுதான் தொல்லை. மூட்டில் அழற்சி ஏற்பட்டாலும் வயது ஏறினாலும் அந்த நிலை வருகிறது.

அப்போது நடப்பது மூன்று. முதலாவதாக, ஹைட்ராக்சில் என்னும் கொடிய உறுப்பு புரதச் சங்கிலியையே அறுக்கிறது. இரண்டாவதாக, சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்னும் பொருளாகிப் புரதங்களின் வடிவைக் கெடுக்கிறது. மூன்றாவதாக, கொலாஜனை வெட்டும் நொதிகள் தூண்டப்படுகின்றன. அதாவது, கயிறு வெளியிலிருந்தும் அறுபடுகிறது, வீட்டுக் கத்தியாலும் அறுபடுகிறது!

அறுந்தால் புதுக்கயிறு வராதா? இங்கேதான் சங்கடம். 2016-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், முன்பு நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ அடையாளமாகக் கொண்டு முழங்கால் குருத்தெலும்பின் வயதைக் கணக்கிட்டனர். வளர்ந்து ஆளான பிறகு அதன் கொலாஜன் ஏறத்தாழ மாறுவதேயில்லை என்று கண்டனர். இளமையில் முறுக்கிய கயிற்றோடுதான் எழுபது வயதிலும் நடக்கிறோம்.

அப்படியானால் பாட்டியின் மாத்திரை? ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ கொடுத்து ஆஸ்திரேலியாவில் ஈராண்டுகள் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். முழங்கால் குருத்தெலும்பு தேய்வதை அது தடுக்கவில்லை. மேலும், மூட்டுத் தேய்மானத்துக்குத் தனி உறுப்புகள் மட்டுமே காரணமல்ல. உடற்பருமன், பழைய அடி, பரம்பரை, வயது ஆகியவையும் காரணம். ஆகவே பென்ஷன் பணத்தைப் புட்டியில் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். அவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

செய்யக்கூடியது என்ன? எடை மிகுந்தவர்கள் எடையைக் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. வலிக்குப் பயந்து முடங்கிவிடாதீர்கள். அளவாக நடந்தால்தான் குருத்தெலும்புக்கு உணவு ஊறும். தொடைத் தசையும் வலுப்பெறும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர் ஒருவர் பூசையில் உட்கார்ந்தே இருந்தால் பக்தி குறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். கோவில் படியில் அவருக்குக் கை கொடுங்கள். முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். ஜூபிலிக்கு நீங்கள் செய்யும் நல்ல காரியம் அதுவே.

நம் முன்னோர் இக்கோவிலின் உத்திரங்களை ஒருமுறை ஏற்றிவைத்துப் போனார்கள். கரையான் ஏறாமல் காப்பது நம் வேலையாயிற்று. முழங்காலும் அப்படித்தான். ஒருமுறை கிடைத்ததைக் காத்துக்கொள்வோம். காத்தும் தேய்ந்துவிட்டால், உட்கார்ந்தே செபிப்போம். ஆண்டவர் முழங்காலை அல்ல, மனத்தையே பார்க்கிறார்.