பழைய மிதிவண்டிக்குப் புதுவாழ்வு



1970-களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், மலைச்சரிவுகளில் ஓட்டுவதற்கென உருவெடுத்தது மலை மிதிவண்டி. இன்று அது நம் வீடுகள் சிலவற்றில் மாடிப்படியின் கீழே துருவேறிக் கிடக்கின்றது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், வண்டியோ நின்றுவிட்டது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்பார்க்கு, வேண்டா என்பதே என் விடை.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். ஆதலின் கியர்களைக் கழற்றுதல் கூடாது. ஏற்றத்தில் முழங்காலைக் காப்பவை அவையே. மாற்ற வேண்டியது டயரை. பல் வைத்த தடித்த டயர் தார்ச்சாலையில் கால்வலிமையை வீணே விழுங்கும். ஒன்றரை அங்குல வழவழப்பு டயரே போதும். ஆனால், 26 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கற்க. டயரின் பக்கத்தில் 559 என்றிருத்தல் வேண்டும். 590 என்றிருப்பது பொருந்தாது.

அடுத்து, பிரேக் கட்டைகளையும் கம்பிகளையும் புதுப்பிக்க. கைப்பிடியைச் சற்றே உயர்த்தினால் முதுகு நிமிரும். நெரிசலில் பார்வையும் எட்டும். இருமுறை பருவமழை காணும் நாடாகையால் மட்கார்டு இன்றியமையாதது. கேரியர், ஸ்டாண்டு, மணி, விளக்கு ஆகியனவும் சேர்ந்தால் ஊர்வண்டி ஆயத்தம்!

திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த நம் சாலைக் கடைத்தெருவில், விடியலில் நடந்தே வந்து, இரவில் கடையடைத்தபின் நடந்தே திரும்பும் தமிழ் இளைஞர் உளர். நம் வீட்டில் உறங்கும் வண்டியைச் செப்பனிட்டு அவர்க்கு வழங்குவோம். அவர்தம் உறக்கத்தில் ஒரு மணி நேரம் கூடுமாயின், அதனினும் சிறந்த சங்கப்பணி யாதுளது?