காளான் வற்றல் சொன்ன சாட்சி

கலிபோர்னியா கடலோரத்து ஓக் மரத்தடிகளில் மழைக்காலம் வந்தால் டெத் கேப் என்ற நச்சுக் காளான் முளைக்கிறது. தின்றால் கல்லீரலை அழித்துவிடும். சமைத்தாலும் நஞ்சு போகாது. அது அந்த மண்ணுக்கே உரியதா, வந்து சேர்ந்ததா என்பது வெகுகாலம் தெரியவில்லை.

விடை சொன்னவை காப்பகங்களில் கிடந்த காளான் வற்றல்கள். மரபணுவைச் சோதித்தபோது, மிகப் பழையவை வேறு இனம் என்று தெரிந்தது. அங்கே உறுதியான முதல் மாதிரி, 1938இல் மான்டரே ஓட்டல் தோட்டத்தில் எடுத்தது. அது வெளியிலிருந்து வந்த காளான்தான் என்று 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. யாரோ அன்று இடத்தையும் தேதியையும் எழுதி வைத்ததன் பலன் இது!

இப்படி மாதிரி எடுக்கும்போது காளானைப் பிடுங்கக் கூடாது, அடியோடு தோண்ட வேண்டும். டெத் கேப்பின் முக்கிய அடையாளமான உறை மண்ணுக்குள்தான் இருக்கிறது. காய்ந்தால் நிறமும் மணமும் போய்விடும் என்பதால், அவற்றையும் பக்கத்து மரத்தையும் அன்றைக்கே குறிக்க வேண்டும். பிறகு குடையை வெட்டி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான காகிதத்தில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வைத்தால், காலையில் வித்துத்தூள் கோலப்பொடி போலப் படிந்திருக்கும். டெத் கேப்புக்கு வெள்ளை, நாம் சாப்பிடும் வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. மொட்டில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், ஆசியாவிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறியவர்கள் ஏமாந்து உயிரிழந்திருக்கிறார்கள்.

மழைக்குப் பின் காளானைக் கண்டால் படம் எடுங்கள், குறிப்பு எழுதுங்கள். விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லாமல் சட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.