ஒருமித்த முடிவின் கணக்கு

 

விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் எண்ணக்கூடும். நான் சொல்லவிருப்பது, பலர் கூடிப் பேசும்போது முடிவு யாருடையதாகிறது என்னும் கணக்கு. நம்மைப் போன்றோர் அறிந்திருக்கவேண்டிய கணக்குதான்.

மோரிஸ் டிகுரூட் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1974-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய விதி வகுத்தார். ஒவ்வொருவரும் தம் கருத்துக்கு இவ்வளவு, பிறர் கருத்துக்கு இவ்வளவு என மதிப்பைப் பங்கிடுகின்றனர்; பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்று. கூடும்தோறும் அப்பங்குகளின்படி சராசரி கண்டு தம் கருத்தைத் திருத்திக்கொள்கின்றனர்.

மூவர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொது நிதி நூறு ரூபாயில் கட்டடத்துக்கு 90 என்கிறார் முதலாமவர். 60 என்கிறார் இரண்டாமவர். 30 போதும், எஞ்சியது பிள்ளைகளின் புத்தகங்களுக்கு என்கிறார் மூன்றாமவர். முன்னவர் இருவரும் தமக்குப் பாதி, மற்றவர்க்குப் பாதி என மதிப்பளித்து, மூன்றாமவருக்குச் சுழியம் தருகின்றனர். அவரோ மூவரையும் சமமாகவே மதிக்கிறார். முதற்கூட்டத்திலேயே இருவரும் 75-க்கு வந்துவிடுகின்றனர். மூன்றாமவர் 60, 70, 73 என்று ஏறி அவர்களை நெருங்குகிறார். குறிப்பேட்டில் ‘ஏகமனதாக’ என்று எழுதப்படும். அம்முடிவில் அவருடைய 30 ஒரு காசளவும் இல்லை! முதலாமவர் தமக்கென வைத்துக்கொண்ட 0.5-இல் 0.1-ஐ மட்டும் அவருக்கு அளித்திருந்தால், முடிவு 71 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கும்.

பின்னர் 1990-இல் பிரைட்கின், ஜான்சன் என்னும் இருவர், தம் முதற்கருத்தை ஓரளவேனும் விடாது பற்றியிருப்போரையும் கணக்கில் சேர்த்தனர். அப்போது எத்தனை முறை கூடினாலும் வேறுபாடு முற்றும் தீராமல் நிற்கும். பிடிவாதம் என்று பிறர் பழிப்பதே சில வேளைகளில் ஒரு கருத்தை அழியாமல் காக்கிறது என்பேன்.

இவ்விதிகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. மனம் மாறுவதையே அவை அளக்கின்றன, கட்டாயத்தை அளப்பதில்லை. 1932 செப்டம்பர் 24-இல், எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாநோன்பு இருந்த வேளையில், அண்ணல் அம்பேத்கர் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1945-இல் வெளியிட்ட நூலில் அதே ஒப்பந்தத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கையெழுத்தை மட்டும் பார்த்த கணிதன், அங்கே கருத்து வேறுபாடு ஒழிந்தது என்றே எழுதியிருப்பான்.

மாணவர்களே, இதற்கு அணிகளின் பெருக்கல் தெரிந்தால் போதும். அந்த மூவர் கணக்கை இன்றிரவே தாளில் போட்டுப் பாருங்கள். மூன்றாமவருக்கு யார் எவ்வளவு பங்கு தந்தால் முடிவு 60-க்கு இறங்கும் என்று கண்டு, நாளை என்னிடம் காட்டுங்கள்.