பால் கணக்கும் ஐந்து பட்டியலும்

மடுகரை, கரியமாணிக்கம், பண்டசோழநல்லூர் என நெட்டப்பாக்கம் கொம்யூனில் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற குடும்பங்களுக்குக் குறைவில்லை. லிட்டர், கொழுப்பு, ரூபாய் எல்லாம் நோட்டில் ஏறும். அந்த நோட்டை ஒரு வரி நிரல் எழுதாமலே செயலியாக்கலாம். அதற்கு நம்ம ஜோஹோவின் கிரியேட்டர் 2006இலேயே வந்துவிட்டது. அதேபோன்ற ஆப்ஷீட்டை 2020இல் கூகுள் வாங்கியது. திரை அமைப்பதை யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள். கைத்திறன் தெரிவது, உள்ளே பட்டியல்களை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான்.

புதியவர் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு, லிட்டர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டுவார். இரண்டு வேளையும் ஊற்றுகிறவர் பெயர் மாதத்தில் அறுபது தடவை வரும். ஒருநாள் லட்சுமி, மறுநாள் இலட்சுமி. செயலிக்கு அவர்கள் இரண்டு பேர், பட்டுவாடாவில் சண்டைதான். 1970இல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது: உறுப்பினர் விவரம் ஓரிடத்தில், ஒரே தடவை; பால் வரவில் அவருடைய எண் மட்டும். கிரியேட்டரில் இந்த இணைப்புக்கு லுக்அப் என்று பெயர், ஆப்ஷீட்டில் ரெஃப்.

இதுவரை எளிது. விலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். விலைப் பட்டியலையும் இதேபோல இணைத்துவிட்டு, கொள்முதல் விலை ஏறியதும் பழைய எண்ணின்மேல் புது எண்ணைப் போடுவார்கள். அவ்வளவுதான், போன மாதம் பட்டுவாடா முடிந்த பில்லும் சத்தமில்லாமல் மாறிவிடும்! விலைக்கு அமலாகும் தேதி வேண்டும்; அன்றைய விலையை வரவு வரியிலேயே பதிந்தும் வைக்க வேண்டும். ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விலைப் பட்டியலில் இருப்பது இன்றைய விலை, வரவு வரியில் இருப்பது அன்று கொடுத்த விலை. இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி. சங்கத்தை விட்டு விலகியவரையும் அழிக்காதீர்கள், ‘விலகினார்’ என்று குறித்தால் போதும்.

மாட்டுக்குத் தனிப் பட்டியல் வேண்டுமா? பால் மட்டும் வாங்குகிற சங்கத்துக்கு வேண்டாம்; நாலு மாட்டுப் பாலும் ஒரே கேனில்தானே வருகிறது. சினை ஊசி, காப்பீடு என்று போனால் கட்டாயம் வேண்டும். அதற்கு எண் தேடி அலைய வேண்டியதில்லை, காதுவில்லையிலேயே 12 இலக்கம் இருக்கிறது. மாட்டை விற்றால் உரிமையாளர் மாறுவார், வில்லை மாறாது. ஆகவே உரிமையாளரை மாட்டின் வரியில் எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து யாருடையது என்று ஐந்தாவது பட்டியலில் வையுங்கள்.