தோற்கும் அணியின் துணை

உதைபந்தாட்டத்தில் வென்றவரைப் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் பலர் உளர். கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த கையைப் பத்திரிகைகள் படம்பிடிக்கின்றன. கோல் அடித்தவனுடைய பெயர் கல்லூரிச் சஞ்சிகையில் தடித்த எழுத்தில் ஏறுகின்றது. ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே, வேலியோரத்து வேப்பமர நிழலில், முப்பது நாற்பது ஆண்டுகளாக நின்றவண்ணமே இருக்கும் ஒரு வகையினரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அவர்கள் கோல் அடித்தவரல்லர், பயிற்றுநரல்லர், பலர் இளமையிலே பந்தை உதைத்தவர்களுமல்லர். பார்வையாளர் என்ற ஒரு பட்டமே அவர்களுக்குரியது. அவர்களுள்ளும், தங்கள் அணி தொடர்ந்து தோற்கின்ற காலத்தில் மைதானத்தை விட்டு அகலாதவரைப் பற்றியே இப்பேச்சு.

கடல் கடந்து இதனைக் கேட்கும் நேயர்கள் கல்லூரி என்னுஞ் சொல்லால் பட்டப்படிப்பு மாணவரை நினைத்தல் கூடும். இலங்கையில் கல்லூரி என்பது பெரும்பாலும் பாடசாலையே. இங்கே ‘கல்லூரி அணி’ என்பது பதினான்கு வயதுப் பையனும் பத்தொன்பது வயது இளைஞனும் ஒரே நிறச் சட்டையணிந்து நிற்கும் கூட்டம். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடின் பின்னர் சொல்லப்போவது விளங்காது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் சென்றால், சுன்னாகமும் மல்லாகமும் கடந்து தெல்லிப்பழை வரும். செம்மண் பூமி, கிணற்று நீரில் வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்ட நிலம். இவ்வூரில் இரு பெருங் கல்லூரிகள் உள்ளன. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் இங்கு வந்து தங்கிக் கல்விப்பணி தொடங்கினார். யூனியன் கல்லூரி தன் வயதை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. மற்றையது மகாஜனாக் கல்லூரி. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை அம்பனையில் அதனை நிறுவினார். பாவலர் கவிதையும் நாடகமும் எழுதியவர். அவருடைய மகனார் ஜயரத்தினம் 1945 முதல் 1970 வரை அதிபராயிருந்து கல்லூரியை வளர்த்தார். மஹாகவி என்று தமிழுலகம் அறிந்த கவிஞர் உருத்திரமூர்த்தி அங்குப் படித்தவர். எனினும் தெல்லிப்பழைச் சந்தியில் நின்று மகாஜனா எதற்குப் பெயர்பெற்றது என்று கேட்டால், கவிதை என்று விடை சொல்பவர் சிலரே. உதைபந்தாட்டம் என்பதே பெரும்பாலும் வரும் விடை.

இந்தப் பெயர்தான் பார்வையாளருடைய முதற் சுமை. பெயரில்லாத கல்லூரி தோற்றால் அது செய்தியன்று. பெயர்பெற்ற கல்லூரி தோற்றால் அன்று மாலை தேநீர்க்கடையில் விசாரணை நடைபெறும். எந்தக் கல்லூரிக்கும் நலிந்த பருவம் ஒன்று வந்தே தீரும். பெயரால் அதனைத் தடுக்க இயலாது.

நெடுங்காலப் பார்வையாளரை அடையாளங் காண்பது எளிது. அவர் ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி முன்னரே வருவார். சைக்கிளை ஒரே மரத்திற் சாய்ப்பார். அந்த மரத்தடியில் வேறொருவன் சைக்கிளை வைத்துவிட்டால் அன்றைய தோல்விக்கு அதுவே காரணம் என்று மனத்துள் குறித்துக்கொள்வார். ஆடுபவர்களைப் பெயர்சொல்லி அழையார். தகப்பன் பெயராலும் பாட்டன் பெயராலும் ஒழுங்கை பெயராலுமே அறிவார். பையன் ஒருவன் இடக்காலுக்கு வந்த பந்தைத் தவறவிட்டால், “இவன்ரை தேப்பனும் இப்பிடித்தான், இடக்காலைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டவன்” என்பார். ஏளனம் போலத் தோன்றும் இவ்வார்த்தையினுள் இருபத்தைந்து ஆண்டு வரலாறு அடங்கியிருக்கின்றது. கல்லூரி ஏடுகளில் இல்லாத வரலாறு அது. எந்த ஆண்டு மழையில் எந்தக் கோல் கம்பத்தில் பந்து பட்டுத் திரும்பிற்று என்பதை அவர் ஒருவரே அறிவார். அவருக்குப் பின் அதனை அறிவாரில்லை.

இனி, கல்லூரி அணியின் இயல்பைச் சற்று ஆராயவேண்டும். தொழில்முறை அணியில் ஒரு வீரனைப் பத்துப் பதினைந்து ஆண்டு காணலாம். கல்லூரியிலோ ஒருவன் முதிர்ந்து, பந்து அவன் காலுக்குக் கட்டுப்படத் தொடங்கிய அந்த ஆண்டே கல்லூரியை விட்டுப் போகின்றான். ஐந்தாறு ஆண்டில் அணியின் ஆட்கள் யாவரும் மாறிவிடுகின்றனர். பயிற்றுநர் இடமாற்றம் பெறுகின்றார். அதிபர் ஓய்வு பெறுகின்றார். மாறாது எஞ்சுவன சட்டையின் நிறமும், மைதானமும், வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த மனிதருமே. அவர் எதனைப் பின்தொடர்கின்றார் என்று கேட்டால் விடை எளிதன்று. ஆட்களை அன்று என்பது மட்டும் தெளிவு.

நலிந்த பருவத்துக்குக் காரணம் தேடுவோர் பயிற்றுநரையே முதலிற் குறை கூறுவர். பெரும்பாலும் அது நியாயமன்று. மாலை மூன்று மணிக்குப் பின் மைதானத்திற்கு வரவேண்டிய பையன் எங்கே போகின்றான் என்று பார்த்தல் வேண்டும். அவன் தனியார் கல்வி நிலையத்தின் வாங்கில் அமர்ந்திருக்கின்றான். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் முதலில் அறுப்பது மைதானத் தொடர்பையே. பெற்றோரை முற்றாகக் குறைசொல்லவும் இயலாது. நிலமும் தொழிலும் ஒருமுறைக்கு இருமுறை பறிபோன மண்ணில், சான்றிதழ் ஒன்றே எவரும் பறிக்க முடியாத சொத்து என்று அவர்கள் கண்டிருக்கின்றனர். ஆயினும் பதினொருவர் வேண்டிய இடத்தில் ஒன்பதுபேர் பயிற்சிக்கு வந்தால் எந்தப் பயிற்றுநரும் மாயம் செய்ய இயலாது. எதிர்க்கோலுக்கு நேரே நின்று பந்து கேட்கவேண்டியவன் அங்கே இரசாயனச் சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பான்.

நாட்டின் நிலையும் இதற்கு அப்பாற்பட்டதன்று. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று கிண்ணம் பெற்ற இலங்கை அணி, 2021ஆம் ஆண்டளவில் உலகத் தரவரிசையில் 200க்கும் அப்பாற் சென்றுவிட்டது. அடிமரம் காயும்போது கிளையை மட்டும் நோவது தகாது.

தோற்கும்போது மனிதர் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை அமெரிக்க அறிஞர் ரொபேட் சியால்டினி என்பவரும் அவரைச் சார்ந்தோரும் ஆராய்ந்து 1976இல் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டதும் கல்லூரி உதைபந்தாட்டமே. அது அமெரிக்கருடைய உதைபந்தாட்டம், கையாலும் ஆடப்படுவது, அதனை இங்கு விட்டுவிடலாம். ஏழு பல்கலைக்கழகங்களில், ஆட்டம் முடிந்து வந்த திங்கட்கிழமைகளில், மாணவர் அணிந்துவந்த உடைகளை அவர்கள் கணக்கிட்டனர். அணி வென்ற வாரத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த சட்டைகள் மிகுந்திருந்தன. தோற்ற வாரத்தில் குறைந்தன. பின்னர் மாணவரைத் தொலைபேசியில் அழைத்து ஆட்டத்தைப் பற்றி வினவினர். வெற்றியைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்னுஞ் சொல் மிகுதியாக வந்தது. தோல்வியைச் சொல்லும்போது அச்சொல் மெல்ல விலகிக்கொண்டது.

ஆங்கிலத்தில் இதற்கெனத் தனிச்சொல்லைத் தேடிப் பார்க்கவேண்டும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘தோற்றார்கள்’ என்பதற்கும் ‘தோற்றோம்’ என்பதற்கும் இடையிலுள்ள ஓர் எழுத்தளவு தூரத்திலே மனிதனுடைய பற்று முழுவதும் அளக்கப்படுகின்றது. தெல்லிப்பழை வேப்பமரத்தடியில் ஆட்டம் முடிந்தபின் சற்றே செவிகொடுத்தால் போதும். அன்றைக்கு மட்டும் வந்தவர், “பெடியங்கள் தோத்திட்டாங்கள்” என்று சொல்லிக்கொண்டு போவார். நெடுங்காலத்தவர் சைக்கிளை எடுத்தவாறே, “தோத்திட்டம்” என்பார். அமெரிக்க அறிஞருடைய கணக்கில் இவர் எந்தப் பக்கம் சேர்வார் என்று சொல்வதற்கில்லை.

இப்பற்று மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1990ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். கல்லூரிகளும் இடம்பெயர்ந்து வேற்றிடங்களில், கொட்டில்களிலும் இரவற் கட்டடங்களிலும், இயங்கின. காங்கேசன்துறைவரை ஓடிய புகையிரதமும் நின்றது. அது மறுபடி அங்குவரை ஓடியது 2015இலேதான். வகுப்பறையை எங்கும் அமைத்துக்கொள்ளலாம். ஒரு கரும்பலகையும் நிழலும் போதும். மைதானத்தைச் சுமந்து செல்ல இயலாது. சொந்த மைதானம் இல்லாத அணி எந்நாளும் விருந்தாளியாகவே ஆடவேண்டும். அத்தகைய அணிக்கு வெற்றி அரிதாவது வியப்பன்று. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைத்தற்கரிய பொருளாதாரத் தடைக் காலம் அது. பிறகு 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தபோது பந்தைப் பற்றி நினைத்தவர் எவருமிலர்.

ஆயினும் அவ்வாண்டுகளில் அகதி வாழ்வு வாழ்ந்த முதியோர் சிலர், எந்த ஊரில் எந்த வெளியில் தம் கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகின்றார்கள் என்று விசாரித்துச் சைக்கிளிற் போயினர். வீடு முட்கம்பிக்கு அப்பால் இருந்தது. கோயிலும் தோட்டமும் அப்பாலிருந்தன. ஊர் என்று கண்ணாற் காணக்கூடியதாக எஞ்சியிருந்தது அந்தச் சட்டையின் நிறம் ஒன்றே. அவ்வேளை அணி வென்றதா தோற்றதா என்பது இரண்டாவது வினாவாயிற்று. பதினொருவரும் வந்து சேர்ந்தார்களா என்பதே முதல் வினா.

மற்றொரு சாரார் கடல் கடந்தனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் பணம் அனுப்புகின்றன. அது பெரிய உதவி, குறைத்துச் சொல்லலாகாது. ஆனால் பனி கொட்டும் நகரில் நள்ளிரவு விழித்திருந்து கைத்தொலைபேசியில் முடிவைக் கேட்பவருக்கு எண்கள் மட்டுமே கிடைக்கின்றன. மூன்றுக்குப் பூச்சியம் என்று கேட்டுச் சினங்கொள்கின்றார். அந்த மூன்றில் இரண்டு, பந்துகாப்பாளன் காய்ச்சலோடு நின்றதால் விழுந்தவை என்பது வேப்பமரத்தடியாருக்கே தெரியும்.

2014 யூலை 8ஆந் திகதி, பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோந்தி நகரில், உலகக்கிண்ண அரையிறுதியில் ஜேர்மனி ஏழு கோல் அடித்தது. பிரேசில் அடித்தது ஒன்று. அரங்கிலே தொப்பியும் பெரிய மீசையுமாக ஒருவர், கிண்ணத்தின் போலி உருவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற படம் உலகெங்கும் பரவிற்று. குளோவிஸ் பெர்னாண்டஸ் என்பது அவர் பெயர். பல உலகக்கிண்ணங்களுக்குத் தம் அணியைத் தொடர்ந்து சென்றவர். ஆட்டம் முடிந்ததும் அந்தப் போலிக் கிண்ணத்தை ஜேர்மன் நாட்டுப் பார்வையாளர் ஒருவரிடம் அவர் கொடுத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். பிரேசில் மக்கள் அவரைத் தம் அணியின் பன்னிரண்டாவது வீரர் என்று போற்றினர்.

அவருடைய அணியில் ஆடியவர்களோ கோடிக்கணக்கிற் பணம் பெறும் வளர்ந்த மனிதர். தெல்லிப்பழையில் ஆடுபவர்கள் பிள்ளைகள். இங்கேதான் பார்வையாளருடைய பற்றுக்கு ஓர் ஆபத்து உண்டு. தோல்வியால் நொந்த மனம் பதினைந்து வயதுப் பையன்மேல் வசையாகக் கொட்டப்படுவதை எந்த மைதானத்திலும் கேட்கலாம். தண்ட உதையை வெளியே அடித்த பையன் மறுநாள் பாடசாலைக்கு வருவதில்லை. மூன்றாம் நாள் வந்தாலும் மாலையில் மைதானப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நான்காம் வாரம் தகப்பனார் வந்து, அவன் இனிப் படிக்கட்டும் என்கின்றார். இவ்வாறு இழந்த பையன்களின் தொகையை எந்தப் பதிவேடும் சொல்லாது. பற்று மிகுந்தவர்களே இதிற் பெருங்குற்றவாளிகள் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. பற்றில்லாதவன் ஏன் வைகின்றான்?

ஆனால் நெடுங்காலத்தவருள் ஒரு சிலர் வேறுவிதமாய் நடப்பர். மத்தியஸ்தர் இறுதி விசில் ஊதியதும் அவர்கள் பயிற்றுநரிடம் போகார், வென்றவர்களிடமும் போகார். தனியே நின்று காலணியின் நாடாவை அவிழ்ப்பதுபோற் குனிந்திருக்கும் பையனிடம் போவர். ஆறுதல் மொழி எதுவும் கூறார். “தம்பி, ஓடேக்கை தலையை நிமித்தாதை, பந்தைப் பார்” என்று ஒரு வார்த்தை சொல்லி, சோடாப் போத்தலைக் கையிற் கொடுப்பர். மறுநாளும் அவன் ஆட வருவான் என்று எண்ணிச் சொல்லப்பட்ட வார்த்தை அது. பையன் அதனை அவ்வாறே விளங்கிக்கொள்கின்றான்.

இப்பொழுது தெல்லிப்பழையில் ஒரு புதிய நிலை தோன்றியிருக்கின்றது. 2010ஆம் ஆண்டுகளில் மகாஜனாவின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வெற்றி பெற்று வந்தது. பெண்பிள்ளைகள் காற்சட்டையணிந்து உதைபந்தாடுவதா என்று முகஞ்சுளித்தோர் ஊரில் இல்லாமலில்லை. வேப்பமரத்தடியாருள்ளும் சிலர், பெடியங்களின் ஆட்டம் எப்போது என்று மட்டும் கேட்டுத் திரும்பினர். பின்னர் ஒருநாள் நின்று பார்த்தனர். அடுத்த நாள் அரைமணி முன்னரே வந்தனர்.

அவர்களுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இடப்புறத்தால் ஓடிவரும் பெண் பந்தை வளைத்தடிக்கும்போது, யாரைப் போல அடிக்கின்றாள் என்று சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. தகப்பன் பெயர் உதவவில்லை. தாயார் எந்நாளும் இம்மைதானத்தில் ஆடவிடப்பட்டவரல்லர். ஒப்பிட ஆளில்லாமல், நாற்பதாண்டு ஞாபகத்தைக் கைவிட்டு, அவர்கள் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர்.